மரம் போனால் மழை போகுமா: சூழலியல் சிந்தனையின் வேர்களை எங்கே தேடுவது

வரலாற்றில் முதுகலை படிப்பதாகவும், நவீன சூழலியல் சிந்தனையின் வேர்களை ஆய்வுக்கு எடுக்க ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பேராசிரியர், பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி 1962-இல் நூல் எழுதிய அமெரிக்கர் ரேச்சல் கார்சனிடமிருந்து தொடங்கச் சொல்கிறார். நண்பர்களோ, ஐந்திணையைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு ஏன் போகிறாய் என்கிறார்கள். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலைவிடப் பெரிதாக ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது. இந்தச் சிந்தனை யாருடையது, வெளியிலிருந்து நம்மிடம் வந்ததா, நம்மிடம் ஏற்கெனவே இருந்ததா என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் என் எல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன். சுற்றுச்சூழல் வரலாற்றுத் தாளைப் பல ஆண்டுகள் எடுத்திருக்கிறேன். சென்னை மாகாண வருவாய் வாரியத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. பிரெஞ்சு தட்டுத்தடுமாறித்தான் வரும். ஜெர்மன் இயற்கை ஆய்வாளர்களான ஹம்போல்ட்டையும் ஹெக்கலையும் ஆங்கிலத்தின் வழியாகவே படித்தேன். நீரியலில் எனக்குப் பயிற்சி கிடையாது, அந்தத் துறையினர் எழுதியதைப் படித்தே அதைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு வழிகளிலும் ஒரே சிக்கல் இருக்கிறது. இரண்டுமே ஒரு பிறந்த இடத்தைத் தேடுகின்றன. பிறந்த இடத்தைத் தேடினால், யார் முதலில் சொன்னார் என்ற வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள், அந்த வழக்கு முடியவே முடியாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கவலையை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த ஊர்களில், எந்தெந்த அலுவலகங்களில், யார் யார் கைகளில் புழங்கியது என்று காகிதங்களைத் தொடர்ந்து போங்கள். என் மாணவர்களுக்கு நான் சொல்லும் கவலை, "மரத்தை வெட்டினால் மழை போய்விடும்" என்பது. நமக்கெல்லாம் பள்ளிச் சுவரில் எழுதிவைத்த வாசகமாகத் தெரிந்ததுதான். இதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வெனிசுவேலாவின் ஏரிக்கரைக்கும், மொரீஷியசுக்கும், கடைசியில் நம் சென்னைக்கும் வந்து சேர்வீர்கள்.

வழக்கமான பாதையையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும், அதில் பிழையில்லை. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசின் மேற்பார்வையில் 1749-இல் இயற்கையின் பொருளாதாரம் பற்றி ஓர் ஆய்வேடு வருகிறது. எல்லா உயிர்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, கடவுள் வகுத்த ஒழுங்கில் இயங்குகின்றன என்பது அதன் சாரம். 1789-இல் கில்பர்ட் வைட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தன் ஊரின் பறவைகளையும் மண்புழுக்களையும் கவனித்து எழுதிய கடிதங்கள் நூலாகின்றன. பிறகு ஹம்போல்ட், டார்வின். 1866-இல் ஹெக்கல் இந்தத் துறைக்குப் பெயர் வைக்கிறார். 1895-இல் டென்மார்க்கின் வார்மிங், தாவரக் கூட்டங்களைப் பற்றிய முதல் முறையான பாடநூலை எழுதுகிறார். 1935-இல் சூழல்மண்டலம் என்ற கருத்தோடு ஆர்தர் டான்ஸ்லி, 1949-இல் நிலத்தின் மீது மனிதனுக்குள்ள பொறுப்பைப் பேசிய அமெரிக்கர் ஆல்டோ லியோபோல்ட், 1962-இல் கார்சன். டொனால்ட் வொர்ஸ்டர் 1977-இல் எழுதிய வரலாறு ஏறக்குறைய இந்தப் பாதையில்தான் போகிறது. நன்றாக எழுதப்பட்டது, கட்டாயம் படியுங்கள். ஆனால் அது எழுத்தாளர்களின், அறிவியலாளர்களின் பரம்பரைக் கதை. காட்டைப் பார்த்துப் பயந்து உத்தரவு போட்ட கவர்னர்களும், பஞ்சத்தில் மழைக்கணக்கு எழுதிய மருத்துவர்களும் அதில் அதிகம் வருவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுபவர்கள் அவர்கள்தான்.

மரத்துக்கும் மழைக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் மிகப் பழையது. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃபிராஸ்டஸ், காடு வெட்டப்பட்டதாலும் சதுப்புநிலம் வடிக்கப்பட்டதாலும் சில ஊர்களின் தட்பவெப்பம் மாறியதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஜமைக்காவில் தினமும் மாலையில் மழை பெய்வதற்கு அங்குள்ள பெரிய காடுகளே காரணம், கேனரி, மதெய்ரா, அசோர்ஸ் தீவுகளிலும் முன்பு அப்படித்தான் பெய்தது, மரத்தை வெட்டிய பிறகு குறைந்துவிட்டது என்று கொலம்பஸ் கருதியதை அவருடைய மகன் எழுதிவைத்திருக்கிறார். இதெல்லாம் ஆளுக்கு ஆள் சொன்ன கருத்து. அதற்கு ஓர் அளவீடு கிடைத்தது 1727-இல். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு தொட்டியில் சூரியகாந்திச் செடியை வைத்து, மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை ஈயத்தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடை பார்த்தார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் செடி சராசரியாக அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீரைக் காற்றில் விட்டது தெரிந்தது. ஒரு செடியே இவ்வளவு விடும் என்றால் ஒரு காடு எவ்வளவு விடும் என்று கேட்பது அதன் பிறகு எளிதாகிவிட்டது.

இந்தக் கேள்வி முதலில் சூடுபிடித்தது தீவுகளில். அதற்குக் காரணம் எளிது. கண்டத்தில் ஒரு காடு போனால் அடுத்த காட்டுக்குப் போகலாம். தீவில் எல்லை கண்ணுக்குத் தெரியும். மொரீஷியசில் டச்சுக்காரர்கள் கருங்காலியை வெட்டித் தள்ளிவிட்டு 1710-இல் வெளியேறினார்கள். டோடோ பறவை அதற்குள் அழிந்துவிட்டது. பிறகு வந்த பிரெஞ்சுக்காரர்களும் தோட்டங்களுக்காகக் காட்டை அழித்தார்கள். 1767-இல் அங்கே நிர்வாகியாக வந்த பியர் புவாவ்ர், அதற்கு முன் கிழக்காசியாவிலும் புதுச்சேரியிலும் அலைந்தவர், கோரமண்டல் கரையின் விவசாயத்தைப் பற்றியும் எழுதியவர். காட்டை வெட்டிய பகுதிகளில் மழை போய்விட்டது என்று தீவு மக்களிடமே சொன்னார். 1769-இல் வந்த சட்டம், ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட நிலத்தில் கால் பங்கைக் காடாகவே விட வேண்டும், குறிப்பாக மலைச்சரிவுகளில் என்றது. நீர்நிலைகளை ஒட்டிய மரங்களுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. 1776-இல் கரீபியனில் டொபேகோ தீவின் முதுகெலும்பான மலைத்தொடர்க் காட்டை ஆங்கிலேயர் ஒதுக்கிவைத்தார்கள். மழையை வரவழைப்பதற்காக என்று அந்தச் சட்டத்திலேயே காரணம் எழுதியிருக்கிறது. அந்தக் காடு இன்றும் பாதுகாக்கப்பட்ட காடுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு தீவுகளும் அடிமைகளின் உழைப்பில் கரும்பும் மற்ற பயிர்களும் விளைந்த தீவுகள். மொரீஷியசில் தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்ததும் அதே காடுகளில்தான். இயற்கையின் மீது அக்கறையும் மனிதர் மீது கொடுமையும் ஒரே அலுவலகத்திலிருந்து, ஒரே கையெழுத்தில் வந்தன. சூழலியல் சிந்தனையின் வேர்களைப் படிக்கிறவர்கள் இதைக் கடந்து போகவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு காலத்தின் அழகான வாசகங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அது வரலாறாகாது.

இப்போது ஹம்போல்ட். 1800-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் வெனிசுவேலாவின் அரகுவா பள்ளத்தாக்கில் வலென்சியா ஏரிக்கு வருகிறார். ஏரியிலிருந்து வெளியே போகும் ஆறு கிடையாது, ஆனாலும் தண்ணீர் வருடா வருடம் இறங்கிக்கொண்டிருந்தது. கரை பின்வாங்கிய இடங்களில் மக்கள் பயிர் வைத்திருந்தார்கள். தண்ணீர் இறங்க இறங்க, புதுத் தீவுகள் தலைகாட்டியிருந்தன. அடியில் எங்கோ ஓட்டை இருக்கிறது, தண்ணீர் பூமிக்குள் வடிகிறது என்பது உள்ளூர்க்காரர்கள் சிலரின் விளக்கம். ஹம்போல்ட் அதை ஏற்கவில்லை. ஆவியாதல் எவ்வளவு, வந்து சேரும் ஓடைகள் எத்தனை என்று பார்த்தார். சுற்றியிருந்த மலைகளில் மரங்களை வெட்டிவிட்டார்கள், அவுரித் தோட்டங்களுக்காக ஓடைகளைத் திருப்பிவிட்டார்கள் என்ற இரண்டையும் சேர்த்து வைத்தார். மரமும் புதரும் பாசியும் போன மலையில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்காமல் வெள்ளமாக ஓடிவிடும், அப்புறம் ஊற்று வற்றும் என்று விளக்கினார். மலையுச்சி மரங்களை வெட்டுகிறவர்கள் வருங்காலத் தலைமுறைக்கு விறகுப் பஞ்சத்தையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் சேர்த்தே தயாரிக்கிறார்கள் என்றார்.

அந்த ஏரியின் அடுத்த அத்தியாயத்தை எழுதியவர் பூசென்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர். ஹம்போல்ட் போய் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அங்கே போனபோது தண்ணீர் ஏறியிருந்தது. இடையில் விடுதலைப் போர் நடந்திருந்தது. தோட்டங்கள் பாழாகி, வேலைசெய்தவர்கள் போருக்குப் போய், வெட்டிய இடங்களில் காடு திரும்ப வளர்ந்திருந்தது. காடு போனபோது ஏரி இறங்கியது, காடு வந்தபோது ஏரி ஏறியது. இதைவிட நல்ல சான்று வேண்டுமா என்று அந்தக் காலத்தவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. 1837-இல் அவர் எழுதிய கட்டுரையை எல்லா நாட்டுக் காட்டதிகாரிகளும் மேற்கோள் காட்டினார்கள். ஆனால் கூர்ந்து பாருங்கள்: தோட்டம் பாழானபோது காடு மட்டுமா வளர்ந்தது? பாசனத்துக்காகத் திருப்பிய ஓடைகளும் பழையபடி ஏரிக்கே ஓட ஆரம்பித்தன. இரண்டில் எது எவ்வளவு காரணம் என்று அந்தச் சான்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஹம்போல்ட்டே இரண்டையும் சொல்லியிருந்தார், பின்னால் வந்தவர்கள் மரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். இன்று அதே ஏரி பெருகிக் கரையோரக் குடியிருப்புகளை மூழ்கடிக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவரப்படும் குடிநீர் கழிவுநீராகி ஏரியில் சேர்வது அதற்கு ஒரு பெரிய காரணம்.

இந்தக் கட்டுரைகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தபோது, கேட்கத் தயாராக இருந்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்கள். இதற்கும் ஒரு முன்கதை உண்டு. லின்னேயசின் நேரடி மாணவரான கூனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கிருந்த மிஷனரிகளோடு சேர்ந்து செடிகளைத் திரட்டினார், தஞ்சாவூர்ப் பகுதியின் கரையான்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பின்னால் கம்பெனியின் தாவரவியலாளரானார். அவரோடு பழகிக் கற்றவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சென்னையிலும், பிறகு ஆந்திரக் கடலோரத்திலுள்ள சாமல்கோட்டையிலும் வானிலைக் குறிப்புகளை விடாமல் எழுதிவந்தவர் அவர். 1790-களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் வந்த கொடிய பஞ்சத்தை நேரில் பார்த்தார். அந்த வறட்சியை, பசிபிக் கடல் சூடேறி உலகின் மழையை மாற்றும் எல் நீன்யோவோடு இணைத்துப் பார்க்க, அவருடைய குறிப்புகள் இன்றைய ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மரியாதை தோன்றும். ஊர் செத்துக்கொண்டிருக்கும்போது அளவை விடாமல் எழுதுவது சின்ன வேலையில்லை.

எட்வர்ட் பால்ஃபோர் அடுத்த தலைமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு முதல் பொறுப்பாளராக இருந்தாரே, அவர்தான். 1849-இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில், மரங்கள் மழையையும் ஈரத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்று எழுதினார். ஹம்போல்ட்டும் பூசென்கோவும் அதில் வருகிறார்கள். வலென்சியா ஏரியின் கதை சென்னை மாகாணத்தின் பஞ்சத்தோடு ஒரே கட்டுரையில் சேர்ந்தது. சென்னையிலேயே 1820-இல் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பியவர் ஹியூ கிளெகார்ன். வெப்பமண்டலக் காடுகள் அழிவதால் வரும் விளைவுகளைப் பற்றி பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துக்கு 1851-இல் அறிக்கை கொடுத்த குழுவில் அவர் முக்கியமானவர். 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் காட்டுப் பாதுகாவலரானார். அதே 1856-இல்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளக் கட்டைக்கு மரம் வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும், மழையும் போகக் கூடாது. ஒரு துறைக்கு இந்த மூன்று வேலைகளும் ஒரே நாளில் வந்தன என்பதை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய அறிக்கைகளைப் படியுங்கள், எதற்காக எந்த வாதத்தை எடுக்கிறார் என்பது புரியும்.

அமெரிக்காவின் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் 1864-இல் மனிதன் இயற்கையை எப்படி மாற்றிவிட்டான் என்று ஒரு பெரிய நூல் எழுதினார். அமெரிக்க இயற்கைப் பாதுகாப்புக்கு அடித்தளம் என்று அதைச் சொல்வார்கள். அந்த நூலை இமயமலைச் சரிவுகளிலும் காஷ்மீரிலும் திபெத்திலும் கையோடு எடுத்துப் போனேன் என்று 1868-இல் மார்ஷுக்குக் கடிதம் எழுதியவர் யார் தெரியுமா? நம் கிளெகார்ன்தான். உங்கள் பேராசிரியர் சொல்லும் அமெரிக்காவுக்கும் உங்கள் நண்பர்கள் சொல்லும் ஊருக்கும் நடுவே இருந்த போக்குவரத்து இதுதான். இந்தச் சிந்தனை ஒரு திசையில் மட்டும் வந்ததில்லை.

சரி, இதனால் யாருக்கு என்ன ஆனது? மலைச்சரிவில் காட்டை எரித்து ஓரிரு வருடம் பயிரிட்டுவிட்டு இடம் மாறும் முறையை மேற்குத்தொடர்ச்சி மலையின் கன்னடப் பகுதிகளில் குமரி என்பார்கள். காட்டையும் மழையையும் கெடுப்பது இதுதான் என்று கிளெகார்ன் நம்பினார்; 1860-இல் முன் அனுமதியில்லாமல் குமரி கூடாது என்று சென்னை அரசு உத்தரவிட்டது. ரயிலுக்காக வெட்டியவர்களும் தோட்டத்துக்காக வெட்டியவர்களும் இருக்க, முதல் அடி மலைவாசிகள் மேல் விழுந்தது. எல்லா அதிகாரிகளும் ஒத்துப்போனார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு இந்த மாகாணத்தில் அநேகமாகக் கிடையாது, அண்மைக்காலம் வரை எந்தக் காட்டையும் அரசு தன் சொத்து என்று உரிமை கொண்டாடியதாகத் தெரியவில்லை என்று சென்னை வருவாய் வாரியம் 1871-இல் எழுதியது. காட்டை எல்லாம் அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வடக்கே சிலர் வாதாடிக்கொண்டிருந்தபோது, இங்கே ஒரு வெள்ளைக்கார அலுவலகம் கிராமத்தின் உரிமையை எடுத்துப் பேசியது. 1878-இல் இந்தியக் காட்டுச் சட்டம் வந்தபோதும் சென்னை இழுத்தடித்தது. கடைசியில் 1882-இல் தனிச்சட்டம் வந்தது. இன்று நம் ஊர்களில் ரிசர்வ் காடு என்கிறோமே, அதன் எல்லைக்கல்லுக்குப் பின்னால் இருப்பது அந்தச் சட்டம்தான்.

அடுத்து, அறிவியல் இன்று என்ன சொல்கிறது? இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துவைக்க வேண்டும். மரம் அடர்ந்த சரிவில் மண் அரிப்புக் குறையும் என்பதில் பெரிய தகராறு இல்லை. ஆனால் காடு இருந்தால் ஓடையில் தண்ணீர் அதிகம் ஓடும் என்ற நம்பிக்கை அளவீட்டில் பெரும்பாலும் நிற்கவில்லை. உலகம் முழுவதும் செய்யப்பட்ட 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளை (ஓர் ஓடைக்கு நீர் வந்து சேரும் நிலப்பகுதியில் செய்யும் சோதனைகளை) 1982-இல் தொகுத்துப் பார்த்தபோது, மரம் குறைந்த இடங்களில் ஓடைநீரின் மொத்த அளவு கூடுவதுதான் பொதுப்போக்காக இருந்தது. மரம் தண்ணீரைக் குடிக்கிறது, ஹேல்சின் சூரியகாந்தி செய்ததும் அதுதானே. நம் நீலகிரியிலேயே கிளென்மார்கன் பகுதியில், சோலையும் புல்லுமாக இருந்த பள்ளத்தாக்கில் யூக்கலிப்டஸ் நட்டுப் பார்த்தபோது, நடாத பக்கத்துப் பள்ளத்தாக்கோடு ஒப்பிட, முதல் பத்தாண்டுகளில் நீர்வரத்து ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. மறுபக்கம், அமேசான் போன்ற பெருங்காட்டில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அந்தக் காட்டிலிருந்தே எழுந்த ஈரம் என்று 1970-களில் பிரேசில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆக, கண்டம் அளவுக்குப் பரந்த காடு என்றால் பழைய கவலையில் உண்மை இருக்கிறது. ஒரு தாலுகாவின் காடு அந்தத் தாலுகாவுக்கு மழையை வரவழைக்கும் என்பதற்கு அந்த அளவுக்கு உறுதியான சான்று இல்லை. கோடையில் ஊற்று நிற்குமா நிற்காதா என்பது மண், பாறை, மரத்தின் இனம் என்று பலவற்றைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறுகிறது.

இதைக் கேட்டு, அப்படியானால் பாதுகாப்பெல்லாம் வீண் பேச்சா என்று நினைக்க வேண்டாம். காட்டைக் காப்பதற்கு நூறு காரணம் உண்டு. நான் சொல்வது வேறு: ஓர் எண்ணம் எப்படிப் பிறந்தது, அது உண்மையா, அதை வைத்து யார் என்ன செய்தார்கள் என்ற மூன்றும் தனித்தனிக் கேள்விகள். பாதி பிழையான காரணத்தால் நல்ல காடு பிழைத்திருக்கிறது. சரியான அக்கறையால் நியாயமில்லாத சட்டமும் வந்திருக்கிறது. ஒன்றுக்கான பதிலை இன்னொன்றின் மேல் ஏற்றினால் ஆய்வு கெட்டுவிடும்.

உங்கள் நண்பர்களின் கட்சிக்கு வருகிறேன். ஐந்திணையில் இருக்கும் கவனிப்பு அசாத்தியமானது. நிலமும் பொழுதும் முதற்பொருளாக நிற்க, புள்ளும் விலங்கும் மரமும் தொழிலும் கருப்பொருளாக அதனோடு பொருந்த, அந்தப் பின்னணியில்தான் மனித உணர்வே பேசப்படுகிறது. எந்த நிலத்தில் எது வாழும் என்பது தெரியாத ஒரு சமூகத்தால் இப்படி ஒரு இலக்கணத்தைக் கட்டியிருக்க முடியாது. இதுவரை உறுதி. இதுவே உலகின் முதல் சூழலியல் என்பது ஐயத்துக்குரியது. திணை ஒரு கவிதை மரபு. உரிப்பொருள், அதாவது மனித உணர்வுதான் அதில் தலையாயது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், முல்லையும் குறிஞ்சியும் தம் நல்லியல்பு திரிந்து பாலை என்று ஒரு வடிவம் கொள்ளும் என்று வருவதை இப்போதெல்லாம் காடழிப்பு பற்றிய எச்சரிக்கையாக மேற்கோள் காட்டுகிறார்கள். முன்னடிகளையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே நிலம் காய்வதற்குக் காரணம் வேனிலும் கதிரவனும். அதற்குச் சொல்லப்படும் உவமை, அரசனும் அமைச்சர்களும் முறை தவறிய நாடு. வெட்டுகிற கோடரி எங்கேயும் இல்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருப்பதே இதனால்தான். நிலத்தின் கேட்டையும் ஆட்சியின் கேட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பார்வை அங்கே இருக்கிறது, அது தனக்கென்று மதிப்புள்ளது. ஹம்போல்ட்டின் வாதத்தை அதற்குள் தேட வேண்டிய அவசியமே இல்லை. சங்கப் பாடல்களிலிருந்து நவீன சூழலியலுக்கு வந்த வரலாற்றுத் தொடர்ச்சி ஒன்றை ஆவணத்தோடு யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

உள்ளூர் அறிவு நவீன அறிவியலுக்குள் போனதற்கு ஆவணம் உள்ள இடங்கள் வேறு. கொச்சியில் டச்சு அதிகாரி வான் ரீட் திரட்டி 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியான மலபார்த் தாவர நூலில், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சான்றுரை அவருடைய பெயரோடு அச்சாகியிருக்கிறது. லின்னேயஸ் அந்தத் தொகுதிகளைப் பயன்படுத்தினார். ராபர்ட் வைட் என்ற கம்பெனி மருத்துவரின் தென்னிந்தியத் தாவர நூல்களுக்குப் படம் வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் நம் பக்கத்து ஓவியர்கள். ரிச்சர்ட் குரோவ் என்ற வரலாற்றாசிரியர் 1995-இல் ஒரு பெரிய வாதத்தை வைத்தார்: நவீன சுற்றுச்சூழல் அக்கறை ஐரோப்பாவில் பிறந்து காலனிகளுக்கு வந்ததில்லை, காலனிகளின் தீவுகளிலும் தோட்டங்களிலும் உள்ளூர் அறிவோடு கலந்து உருவாகித்தான் ஐரோப்பாவுக்குப் போனது. நான் இதுவரை சொன்னதில் பாதி அவர் தோண்டியெடுத்தது. தீவுகளைப் பற்றியும் மருத்துவர்களைப் பற்றியும் அவர் சொன்னது உறுதியானது என்பேன். அந்த மருத்துவர்களின் நல்லெண்ணத்துக்கு அவர் கொடுக்கும் இடம் அதிகம், வருவாயும் ரயிலும் கட்டிய வட்டத்துக்குள்தான் அவர்கள் பேசினார்கள் என்பது ராமச்சந்திர குஹா போன்ற வரலாற்றாசிரியர்களின் பக்கத்து வாதம். எழும்பூரில் படித்த வரையில், நான் இரண்டாவது பக்கமே சாய்கிறேன்.

கார்சனை விட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். அவர் வேறொரு வேரிலிருந்து வருகிறார். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் புழுவிலிருந்து பறவைக்கும் மீனிலிருந்து மனிதனுக்கும் ஏறிப்போவதைக் காட்ட, உணவுச் சங்கிலி என்ற கருத்து முன்கூட்டியே வேண்டியிருந்தது. அதை 1927-இல் சார்லஸ் எல்டன் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1935-இல் டான்ஸ்லி சூழல்மண்டலம் என்ற கருத்தை முன்வைத்ததே ஒரு சண்டையில்தான். தாவரக் கூட்டத்தை ஓர் உயிர் மாதிரி, முழுமையான ஒன்றாகப் பேசியவர்களுக்கு எதிராக, உயிரும் மண்ணும் காற்றும் சேர்ந்த ஒரு பௌதிக அமைப்பாகப் பாருங்கள் என்றார் அவர். 1967-இல் லின் வைட் என்ற இடைக்கால வரலாற்றாசிரியர், இன்றைய சூழல் நெருக்கடிக்கு வேர் மேற்கத்தியக் கிறிஸ்தவம் என்று எழுதியது இன்னும் சூடாக விவாதிக்கப்படுகிறது. எனக்கு அது போதாது. வேறு மதங்களின் நாடுகளிலும் காடுகள் அழிந்தன, நம் ஊரிலும் அழிந்தன.

ஆய்வுக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். தலைப்பை இவ்வளவு பெரிதாக வைக்காதீர்கள். பால்ஃபோரின் 1849 கட்டுரையை எடுத்து, அதில் அவர் காட்டும் ஒவ்வொரு மேற்கோளும் எங்கிருந்து வந்தது, அந்தக் கட்டுரையை அடுத்த முப்பது ஆண்டுகளில் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று மட்டும் பாருங்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு அதுவே தாராளம். பழைய ஆய்விதழ்களும் கிளெகார்ன் 1861-இல் வெளியிட்ட அறிக்கைத் தொகுப்பும் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹம்போல்ட்டின் பயண நூலில் வலென்சியா ஏரி வரும் அத்தியாயத்தை முழுசாகப் படியுங்கள், மேற்கோள்களில் வரும் இரண்டு வரியோடு நிறுத்தாதீர்கள். எழும்பூருக்குப் போனால், 1856-க்கு முன்னால் காட்டுத் துறை என்று தனியாக ஒன்று கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அட்டவணையில் காடு என்று தேடி ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள் மாணவர்கள். வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளில் மரம், விறகு, மேய்ச்சல், சந்தனம் என்று தேடுங்கள். மனு கொடுத்த கிராமத்தாரின் வாதம் அங்கே மொழிபெயர்ப்பாகவாவது கிடைக்கும். ஆங்கிலேயர் எழுதியதைத் தாண்டி இன்னொரு குரல் வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்தவரை அதற்கு அந்தக் கட்டுகளைவிட நல்ல இடம் இல்லை.